தூண்டில் மீன்

ஏழாவது மீனின் வாயைப் பிளந்து, உதட்டில் தூண்டில் முள்ளைக் குத்தினான்.

ரத்தம் வரவில்லை. செத்ததற்கு எங்கிருந்து வரும்?

முள்ளை ஆட்டி ஆட்டி ஓட்டையைப் பெரிதாக்கினான். உயிரோடு மாட்டிய மீன் துள்ளிக் கிழித்துக்கொள்ளுமே, அந்த அளவுக்கு. பனையோலைக் கடவத்தில் எறிந்துவிட்டு எட்டாவதை எடுத்தான்.

த்தூ. இதுவும் ஒரு பிழைப்பு.

பாறைக் குடாவில் தண்ணீர் இன்னும் தெளியவில்லை. காலையில் அவன் எறிந்த வெடி கிளப்பிய கலங்கல். குஞ்சும் பொடியுமாக நூற்றுக்கணக்கில் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. விரல் நீளம்கூட இல்லாதவை. யாருக்கும் ஆகாதவை. அலை அவற்றைக் கொண்டுவந்து பாறையில் அப்பியது. இழுத்துக்கொண்டு போனது. மறுபடி கொண்டுவந்து அப்பியது.

அவன் காலிலும் ஒட்டின. உதறினான். போகவில்லை.

மூன்று வாரம் இதே பாறையில் குந்தித் தூண்டில் போட்டான். ஒரு கலவா மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கு ஒரே எறி. விளமீன், கலவா, நாலைந்து செப்பிலி என்று கடவம் நிறைந்துவிட்டது.

வெடி எறிந்தது இதுதான் முதல் தடவை.

ஒரு கலவாவின் கண் பிதுங்கிக் கிடந்தது. குடல் வாய்வழியாக வெளியே வந்திருந்தது. இப்படியே கொண்டுபோனால் குட்டு வெளிப்பட்டுவிடும். விரலால் உள்ளே திணித்தான். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் ஆழமாகத் திணித்தான். சூடில்லாத ஏதோ ஒன்று விரலைச் சுற்றிக்கொண்டது.

சீ!

ஓங்கரித்ததில், காலையில் குடித்த கட்டன்சாயா முழுக்கப் பாறைமேல் போயிற்று.

இந்தக் கண்றாவியெல்லாம் பிரகாசிக்குத் தெரியாமல் இருக்கத்தான்.

அவன் பெண்டாட்டி பிரகாசி வெடி மீனைக் கையால் தொடமாட்டாள். அவள் கடவம் சுமந்து போகும் தெருக்களில், பிரகாசி கொண்டுவந்தால் தூண்டில் மீன்தான் என்று செவுளைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் வாங்குவார்கள்.

அது மட்டுமில்லை. லாசர் இருக்கிறான்.

லாசர் அவள் தம்பி. நாலு வருஷத்துக்கு முன்னால், இதே குடாவில், எறிவதற்குள் வெடி அவன் கையிலேயே வெடித்துவிட்டது. இரண்டு கையும் மணிக்கட்டோடு போயிற்று. அன்றிலிருந்து மூன்று வேளையும் அவள்தான் சோறு பிசைந்து ஊட்டுகிறாள். குளிப்பாட்டுவதும் கழுவிவிடுவதும் அவள்தான். வீட்டுக்கு ஒரு லாசர் போதும் என்று, மாதா சுரூபத்துக்கு முன்னால் இவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்தக் கையால்தான் எறிந்தான்.

மிச்சமிருந்த மீனுக்கும் முள்ளைக் குத்தி முடித்தான்.

வீட்டு முற்றத்தில் கடவத்தை இறக்கியதும் பிரகாசி ஓடி வந்தாள்.

“எனக்க மாதாவே!” என்றாள். மூன்று வாரமாகக் காணாத சிரிப்பு. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கால்விரலுக்கிடையில் இன்னும் ஒரு குஞ்சு ஒட்டியிருந்தது. மண்ணில் தேய்த்தான்.

அவள் மேலே கிடந்த மீனை எடுத்தாள். உதட்டைப் பார்த்தாள். ஓட்டை இருந்தது.

அப்புறம் தலையை ஒரு கையிலும் வாலை ஒரு கையிலும் பிடித்து, லேசாக வளைத்தாள்.

வெடி அதிர்ச்சியில் முதுகுத்தண்டு முறிந்து உள்ளே நொறுங்கியிருந்தது. மீன் ஈரத்துணியாக இரண்டாய் மடிந்தது.

உதட்டை யோசித்த மடையன் முதுகை யோசிக்கவில்லை.

அடுத்ததை எடுத்தாள். அதுவும் மடிந்தது. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. கடவத்தின் அடிவரைக்கும் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

திட்டட்டும் என்று நின்றான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

அவள் மண்வெட்டியை எடுத்தாள். தென்னை மூட்டில் குழி தோண்டி, அவ்வளவு மீனையும் தள்ளி மூடினாள். ஒரே ஒரு விளமீனை மட்டும் வைத்துக்கொண்டு அரிவாள்மணைக்குப் போனாள்.

மத்தியானம் லாசருக்கு ரசச் சோறு. தினமும் போலப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். துண்டால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

பிறகு ஒரு தட்டில் சோறு போட்டு, மீன்குழம்பை ஊற்றிக்கொண்டு புருஷனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டைக் கீழே வைக்கவில்லை.

வாங்கக் கை நீட்டினான். முழங்கையால் தட்டிவிட்டாள்.

அவளே பிசைந்தாள். சதை முழுக்க முள் நொறுங்கிக் கிடந்தது. கட்டிப்போன கறுப்பு ரத்தம் சோற்றில் திட்டுத்திட்டாக ஒட்டியது. காலையில் விரலில் சுற்றிய அந்த வழுவழுப்பு அவன் தொண்டைக்கு ஏறி வந்தது.

ஒரு கவளம் உருட்டி, அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“வாயத் தொறயும். இப்பமே பழகிக்கிடும்.”

கட்டிலில் இருந்த லாசர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

புருஷனுக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டான்.

வாயைத் திறந்தான்.