ஒரு வருஷம் தொடாதவை

ஒரு வருஷம் யாரும் தொடாத பொருளை வீடே கழித்துவிடும். அதனால் தனியாக இருக்கும் செண்பகவல்லி, கெடு முடிவதற்குள் விருந்தாளி டம்ளரில் தானே காபி குடித்தாள். விருந்தாளிப் பாயில் ஒரு மதியம் படுத்து எழுந்தாள். எதையும் விடவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

மறுநாள் காய் வாங்கிவிட்டு வந்தபோது வாசல் சுவரில் காலிங்பெல்லைக் காணோம். இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

“அதை எதுக்குக் கழட்டினே?” என்று வீட்டைக் கேட்டாள்.

“ஒரு வருஷமா யாரும் அமுக்கலைம்மா” என்றது வீடு.

அன்று மாலையே புது பெல் மாட்டினாள். வருஷத்துக்கு ஒரு தடவை அமுக்கினால் போதும். அவள் ஞாயிறுதோறும் வெளியே போய் அமுக்குகிறாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தி, சேலையைச் சரிசெய்துகொண்டு, “இதோ வந்துட்டேன்” என்று திறக்கிறாள்.