கறுப்புத் திரைக்காரி

"திங்கக்கிழமைல இருந்து யாரும் டெர்மினல்ல வேலை செய்யக் கூடாது. எல்லாரும் புது சாஃப்ட்வேருக்கு மாறியாகணும்" என்று அறிவித்தார் புது மேனேஜர்.

வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அதற்குள் என்ன அதிகாரம்!

பதினோரு வருடமாக நான் டெர்மினலில்தான் நிரல் எழுதுகிறேன். அதில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. கட்டளையைத் தட்டினால் எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். மவுஸைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆபீசில் எனக்குக் 'கட்டளை அக்கா' என்று பட்டப்பெயர். வீட்டில் என் கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார், அவருடைய காரணம் வேறு.

புது மென்பொருளை நானும் போட்டுப் பார்க்காமல் இல்லை. ஒரு முழுச் சனிக்கிழமை அதோடு மல்லுக்கட்டினேன். ஒரு கோப்பைக்கூடத் திறக்க முடியவில்லை.

மாறித்தான் ஆக வேண்டுமென்றால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். பிடித்த வேலை வேறு. நினைத்தாலே அழுகையாக வந்தது.

மதியம் மேனேஜருடைய புது ஷூ கீச்கீச்சென்று வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

நானும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பக்கத்து இருக்கை டெஸ்டர் பொண்ணு அப்போதுதான் ஒரு புகார் கொடுத்திருந்தாள், நானூறு கோப்புகளில் தேதி தப்பு என்று. மேனேஜர் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் ஒரே வரியில் நானூறையும் திருத்தி அனுப்பிவிட்டேன்.

"எல்லாம் சரியாயிடுச்சுக்கா!" என்று கூவினாள் அவள்.

மனுஷன் அசரவில்லை.

"இதத்தான் நான் சொல்றேன். ஒரே கும்மிருட்டு! இந்தக் கறுப்புத் திரைய வெச்சுக்கிட்டு என்னதான் பண்றீங்க? எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியலையே!"

டெஸ்டர் பொண்ணு களுக்கென்று சிரித்துவிட்டாள். "சார், அது டெர்மினல் இல்ல. அந்த மானிட்டர் கெட்டுப்போயி நாலு மாசமாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாலு மாசமா? என்கிட்ட சொல்லவே இல்லையேடி!"

"சொல்லி என்னக்கா ஆகப்போகுது?"

"அப்போ இவ்ளோ நாளா எதைப் பாத்து..." என்று ஆரம்பித்த மேனேஜர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

நான் அந்தப் புது மென்பொருளைத் திறந்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி அவர் குரல் வந்த பக்கம் நீட்டினேன்.

திரையில் வர வேண்டியதைக் கணினி எனக்கு வாசித்துச் சொல்லும். எனக்குக் கண்ணே அந்தக் குரல்தான். டெர்மினலில் அது ஒரு எழுத்து விடாமல் வாசிக்கும். புது மென்பொருளில் அதற்குத் தெரிந்தது ஒரே வார்த்தை. பட்டன். பட்டன். பட்டன். எந்தப் பட்டன் எதற்கென்று அதற்கும் தெரியாது, பாவம்.

முழுதாக ஒரு நிமிடம் கேட்டிருப்பார். ஹெட்போன் மெதுவாக என் கைக்கே திரும்பி வந்தது.

"திங்கக்கிழமை மாற வேணாம். நீங்க மட்டும் இல்ல, யாருமே வேணாம்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அதோடு போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"மன்னிச்சிடுங்க. உங்களுக்கு நாளைக்கே ஒரு புது மானிட்டர் வாங்கித் தரச் சொல்றேன்."

"எதுக்கு சார்?" என்றேன்.