அலுமாரிச் செடிகள்

முதுகுவலிக்கென்று கணேசலிங்கம் அலுமாரிக்குள் விளக்குப் பூட்டி மூன்று கஞ்சாச் செடிகள் வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, மனைவி ஜெயமலர் அவரோடு பேசுவதில்லை. ஜெர்மன் சட்டம் அனுமதித்தது, அவள் அனுமதிக்கவில்லை.

மூன்று வாரம் றீஹா என்ற மறுவாழ்வுச் சிகிச்சை நிலையத்தில் இருந்துவிட்டு ஹனோவருக்குத் திரும்பியவர், செடிகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தே அலுமாரியைத் திறந்தார். இலைகள் பச்சைப்பசேலென்று நின்றன.

"நீரே பாத்தனீர்?" என்று மனைவியைக் கேட்டார். செடி வந்த பிறகு முதன்முறையாக அவள் வாய் திறந்தாள்.

"ஓம். பசளை கூடி இலை நுனி கருகியிருந்தது. பாதியாக் குறைச்சன். விளக்கையும் உயர்த்திக் கட்டினன்."

"பூவெல்லாம் எங்கை?"

"கிள்ளி எறிஞ்சிட்டன். பூக்க விட்டா இலை தடிக்காதெல்லோ. எங்கட ஐயான்ர புகையிலைத் தோட்டத்தில நான் கிள்ளாத பூவே?"

மருந்து அந்தப் பூவில்தான் இருந்தது. அதற்காகத்தான் அவர் நான்கு மாதம் காத்திருந்தார்.

கணேசலிங்கம் முதுகைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார்.

"நல்ல வேலை செய்தீர்," என்றார்.