எறங்கினதும் கூப்பிடு

மிளகு வெடித்தது. அவர் சட்டியை இறக்கி வைத்தார்.

எண்ணெய் காய்ச்சத் தெரியாத கை. ஓரத்தில் கொஞ்சம் கருகியும் விட்டது. பரவாயில்லை. தேய்த்துக்கொள்ள மனைவி இன்றைக்கும் வரப்போவதில்லை.

மூன்று வாரமாக இதுதான் நடக்கிறது. அவர் காய்ச்சுவார். ஆறும். திரும்ப மூடி வைப்பார்.

எல்லாம் வைத்தியர் சொன்னது. அவளுடைய இருமலுக்கும் தலைபாரத்துக்கும் என்று போனால், அந்த மனிதர் வீட்டையே மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

"பங்குனி வெயிலுக்கு உள்ள கெடக்க கபம் உருகும். வெளிய தள்ளணும். தள்ளல்லன்னா அது மனுசனத் தள்ளிரும்."

காலையில் சுக்குக் கசாயம். உடம்புக்குக் கொள்ளு மாவு. பகல் தூக்கம் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்து வெந்நீரில் முழுக வேண்டும். சன்னல்களைத் திறந்து, வீட்டைக் கழுவி, குங்கிலியம் புகைக்க வேண்டும். வேண்டாததையெல்லாம் தூக்கிப் போட வேண்டும். மனதில் கிடப்பதையும் சேர்த்துத்தான்.

வைத்தியருக்கு என்ன, சொல்லிவிட்டார்.

அவள் கசாயத்தை முகம் சுளிக்காமல் குடித்தாள். மாவைத் தேய்த்துக் கழுத்துக்குக் கீழே குளித்தாள். பகலில் தூங்குவதில்லை. இரவிலேயே தூங்காதவளுக்கு அது ஒரு பத்தியமா?

தலையை மட்டும் தொடவிடவில்லை. வீட்டைக் கழுவவும் விடவில்லை.

பயணம் புறப்பட்டவர், போய் இறங்கிவிட்டேன் என்று சொல்லும் வரை வீட்டைக் கழுவக் கூடாது. பெண்கள் தலைக்குக் குளிக்கக் கூடாது. அதெல்லாம் சாவு வீட்டில் செய்வது. சவம் வாசலைத் தாண்டியதும் ஆண்கள் அதன் பின்னால் போவார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலை முழுகுவார்கள்.

மகன் மாதேவன் போன பங்குனியில் புறப்பட்டான். தீவில் வேலை.

"எறங்கினதும் கூப்பிடு மக்களே" என்றாள் வாசலில் நின்று.

தீவுக்குப் போன படகு கவிழ்ந்தது. கூட இருந்தவர்களையெல்லாம், உயிரோடோ இல்லாமலோ, கடல் திருப்பிக் கொடுத்துவிட்டது. இவனை மட்டும் கொடுக்கவில்லை.

கூப்பிடவில்லை. அதனால் அவள் முழுகவில்லை.

ஒரு வருடத்து முடி சிக்குப் பிடித்து, சடையாகி, முந்தானைக்குள் கிடக்கிறது. அவன் அறையில் அவன் இடுப்பிலிருந்து உதறிப்போட்ட சாரத்தின் மேல் தூசி படிந்திருக்கிறது. அவள் மடியில் எப்போதும் செல்போன்.

மூடநம்பிக்கை என்று அவர் கத்திப் பார்த்தார். பேன் வைக்கும் என்று கிண்டல் செய்தும் பார்த்தார். பிறகு ஒருநாள் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது பயம் வந்துவிட்டது. மகன் போன வழியில் இவளும் போய்விடுவாள். தான் மட்டும் மிஞ்சிவிடுவோம்.

கத்தினாரே தவிர, சொல்ல வேண்டிய ஒன்றை அவர் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாருமே சொல்லவில்லை. வந்தவர்களும் "ஆண்டவன் இருக்கான்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது.

கொல்லைக் கதவு திறந்தது.

அவள் வந்து பலகையில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். முந்தானையைத் தோளில் இறக்கினாள்.

அவர் சட்டியை இழுத்துக்கொண்டார். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, அவள் உச்சிக்குக் கொண்டுபோனார்.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் எறங்கிட்டானா?"

எண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஒரு வருடம் அதைத்தானே செய்தார்.

"எறங்கிட்டான்" என்றார்.

பிடி தளர்ந்தது.

அவர் தேய்த்தார். சிக்குக்குள் விரல் போகவில்லை. அவள் அழவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. சீயக்காயைக் குழைத்துக் கொடுத்துவிட்டு, முதல் சொம்பு வெந்நீரை அவரே ஊற்றினார். மற்றதை அவள் ஊற்றிக்கொண்டாள்.

அதற்குள் பெருக்கிவிடலாம் என்று விளக்குமாற்றை எடுத்தார். மாதேவன் அறை வாசல் வரை போனார்.  மூடநம்பிக்கை என்று கத்திய மனிதர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இவனை எப்படிப் பெருக்கித் தள்ளுவது?

ஈரத்துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள். அவர் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கிக்கொண்டாள். இடுப்பில் குடம். அறைக்குள் போய், மூலையிலிருந்து தண்ணீரைக் கவிழ்த்தாள்.

தூசி கரைந்தது. கறுத்த தண்ணீர் அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசற்படியில் இறங்கியது.

அவள் இன்னொரு குடம் எடுக்கப் போனாள். போகும்போது அவரை ஒருமுறை பார்த்தாள். நீங்கள் இன்னும் இங்கே என்ன செய்கிறீர்கள் என்பது போல.

அவருக்குப் புரிந்தது. வாசலைத் தாண்டியவன் பின்னால் ஆண் போக வேண்டும்.

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். செருப்பு மாட்டாமல் தெருவில் இறங்கினார். எதிர்வீட்டுக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்து, அவர் கோலத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தெருமுனை வந்தது.

இடப்பக்கம் சுடுகாட்டுக்கு.

வலப்பக்கம் பேருந்து நிலையத்துக்கு. போன பங்குனியில் மகன் முன்னால் போக, அவன் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்த வழி.

அவர் வலப்பக்கம் திரும்பினார்.