காலி செய்த சர்வர்

அல்மாட்டி அலுவலகத்தில் பழைய சர்வர் ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. அதில் ஓடிய வேலைகளையெல்லாம் வேறு சர்வர்களுக்கு மாற்றிவிட்டு, இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று ஷோல்பான் கட்டளை தட்டிப் பார்த்தாள். காலியாக வரவேண்டிய திரையில் இரண்டு வேலைகள் வந்தன. ஒன்றின் பெயர் தவ்ரேன், இன்னொன்று ஷோல்பான். இரண்டுக்கும் உத்தரவு: நிறுத்து. நிலை: ஓடுகிறது.

"டேய் தவ்ரேன், உன் வேலைதானே இது?"

எதிர் மேசையில் தவ்ரேன் எண்ணெயில் பொரித்த பௌர்சாக் உருண்டையை மென்றுகொண்டே சிரித்தான். "எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு! திரும்பத் தட்டு, போயிடும்."

தட்டினாள். தவ்ரேனுக்கு நேரே நிலை மாறியிருந்தது: நின்றுவிட்டது.

"ஒண்ணு போயிடுச்சுடா" என்றாள்.

பதில் வரவில்லை. மெல்லும் சத்தமும் இல்லை.

ஷோல்பான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் பெயருக்கு நேரே 'ஓடுகிறது' என்றிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.