இரண்டாவது துளி ரத்தம்

கருவி நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

ஆறுமுகசாமி குத்திய விரலை வாயில் வைத்துச் சப்பினார். "ரத்தமே இனிக்குதுடா சித்தையா!"

அடுப்படியே சிரித்தது.

அக்ரஹாரத்தில் பலகாரக் கடைக்குப் பின்னால் இருக்கும் சமையல்கூடம் அது. வேலை செய்பவர்கள் எல்லோரும் ஹனூர்ப் பக்கத்து ஆட்கள். ஆறுமுகசாமி மைசூர்ப்பாகுக்குப் பாகு காய்ச்சுகிறவர். கம்பிப்பதம் வந்ததா என்று கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், கூப்பிட்டதும் எழுந்து வந்து அதே சுட்டுவிரலை நீட்டியிருந்தார்.

வைஷாலி அதைக் காய்ந்த பஞ்சால் ஒரு தடவு தடவிவிட்டுக் குத்தியிருந்தாள். கம்பெனி கொடுத்த வெள்ளைக் கோட்டு அவளுக்குத் தோளில் தொங்கியது. வேலைக்குச் சேர்ந்து அவள் சரக்கு விற்க வந்த முதல் இடம் இது.

சரக்கு, வறுக்காத காப்பிக்கொட்டையின் சாறு. சர்க்கரையைக் குறைக்குமாம். சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னாள்.

அவர் கொல்லைக் குழாய்க்குப் போனார். பாகு ஒட்டிய கையால் பீடி பிடிக்க முடியாது. தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பற்றவைத்தார். திரும்பி வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, கட்டுப்போட்ட வலது காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்தக் காலில் பெருவிரல் இல்லை. சர்க்கரை ஊசியை விட்டால் அடுத்தது முழங்கால்வரை எடுக்கவேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவருக்கு ஊசியைப் பார்த்தாலே ஆகாது. காலையும் மாலையும் போட்டுவிடுவது ராணி. இதே கூடத்தில் முந்திரி உடைப்பவள், அவர் மனைவி.

வைஷாலி மறுபடி குத்தினாள்.

நூற்று எண்பத்தெட்டு.

"நோடி அண்ணா, பாருங்க, எவ்ளோ எறங்கிடுச்சு!" கருவியை எல்லோருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அடுப்படியில் நின்ற சித்தையன் விசிலடித்தான். அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

ராணிக்கு மட்டும் விஷயம் தெரியும். கையில் இனிப்பு ஒட்டியிருந்தால் கருவி அதையும் சேர்த்துத்தான் காட்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். வீட்டில் ஒவ்வொரு தடவையும் அவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டுபோய், சோப்புப் போட்டுக் கழுவவைத்து, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவள் குத்துவாள். நேற்றுச் சாயங்காலமும் இதே நூற்று எண்பத்துச் சொச்சம்தான் இருந்தது. எதுவும் இறங்கவில்லை.

"ஊசியை நீங்களா நிறுத்தக் கூடாதுண்ணா. டாக்டரைக் கேட்டுட்டுத்தான்" என்றாள் வைஷாலி. அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததில் அதுவும் உண்டு.

"எனக்கு டாக்டரு இவதான்." அவர் ராணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ஏ புள்ள, சொல்லு. இனி ஊசி வேணுமா, வேண்டாமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

நடுவில் கை கழுவினீங்களே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண்கூட ஒத்துக்கொண்டிருப்பாள்.

ராணி அவர் காலைப் பார்த்தாள். கட்டுத்துணியில் மஞ்சளாகக் கசிந்திருந்தது.

"எதுக்குங்? அதுதான் எறங்கிருச்சே. நா டாக்டரம்மாகிட்டச் சொல்லிக்கறேன்."

"கேட்டுக்கங்கடா!" என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

இரண்டு பாட்டில் வேண்டும் என்றாள் ராணி. வைஷாலி காலடியில் இருந்த பெட்டியைத் திறந்து, நீங்களே எடுத்துக்கங்க அக்கா என்றாள்.

ராணி குனிந்தபோது விலாவில் பிடித்தது. ஒரு கையால் அந்த இடத்தை அமுக்கிக்கொண்டு, மூச்சை விடாமல், மெதுவாக நிமிர்ந்தாள்.

கால்விரலை வெட்டி எடுத்த பிறகு அவர் அவளைக் குதிகாலால் உதைக்கப் பழகியிருந்தார்.