தினம் ஒரு அவகாடோ

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் பெரியவர் படியேறி ஓடினார். பத்து மணிக்கு ஆராய்ச்சிக்கூடத்தின் கவுன்ட்டரைச் சாத்திவிடுவார்கள்.

“இன்னிக்குப் பழம் கொடும்மா.” துணிப்பையை நீட்டினார்.

நர்ஸ் சிரித்தாள். “நேத்தோட ஆறு மாசம் முடிஞ்சுது ஐயா. தினம் ஒரு அவகாடோ சாப்பிட்டவங்க நாற்பது பேர்ல உங்களுக்குத்தான் சர்க்கரை ரொம்பக் குறைஞ்சிருக்கு. தொப்பை போன இடம் தெரியலை. டாக்டர் கட்டுரையில உங்களைத்தான் முதல்ல எழுதப்போறார்.”

“இன்னும் ஒரு மாசம் நீட்டிக்க முடியாதா?”

“நாக்கு அவ்வளவு பழகிடுச்சா? கடையில வாங்கிக்குங்க.”

“அது விக்கிற விலைக்கு நான் எங்கேம்மா போவேன்?”

“என் கையில எதுவும் இல்லை ஐயா.”

காலிப்பையோடு, வழக்கம்போல நான்கு கிலோமீட்டர் நடந்து போய் மகன் வீட்டுக் கேட்டைத் தட்டினார். மாடி ஜன்னலிலிருந்து பேத்தி கையாட்டினாள். கேட்டுக்கு வந்த மருமகள் பையைப் பார்த்தாள்.

“பழம் இல்லையா மாமா?”

“இனிமே தரமாட்டாங்களாம். பாப்பாவை ஒரு நிமிஷம் பார்த்துட்டு…”

“பாப்பா தூங்குறா.”

தாழ்ப்பாள் அசையவில்லை. ஆறு மாதமாக அந்தக் கேட்டைத் திறந்துவந்த பழத்தில் ஒரு துண்டுகூட அவர் வாயில் போட்டதில்லை.